பழைய கேமிங் கம்ப்யூட்டர்: பிராசஸரை மாற்றலாமா, இருப்பதை வைத்தே ஓட்டலாமா?



2024 நோன்புப் பெருநாள் முடிந்த மறுவாரம் என் லாத்தா போன் செய்தார்கள். "தம்பி, உன் மருமகன் புதுக் கம்ப்யூட்டர் வேணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறான். கடையில 65,000 சொல்றாங்களாம். அவங்க வாப்பா அனுப்புன பணம் கையில இருக்கு. ஆனா அது சின்னவளோட காலேஜ் சேர்க்கைக்கு எடுத்து வச்சது. பாதியக் கட்டிட்டு மீதிய மாசத் தவணையில கட்டிக்கலாம்ங்கறான். நீ ஒரு வார்த்தை சொல்லேன்."

தவணைக்கு வட்டி உண்டா என்று கேட்டேன். லாத்தாவுக்குத் தெரியவில்லை. அந்த ஒரு காரணமே நிறுத்தி வைக்கப் போதும் என்றாலும், பையனின் குறை உண்மையா என்று பார்க்காமல் "வேண்டாம்" என்று சொல்வது நியாயமில்லை. பிள்ளைகள் "லேக் ஆகுது" என்று சொன்னால் நாம் உடனே விளையாட்டு மோகம் என்று ஒதுக்கிவிடுகிறோம். பல நேரங்களில் கம்ப்யூட்டரில் உண்மையாகவே ஒரு கோளாறு இருக்கும். அது விளையாட்டில் முதலில் தெரியும், அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து அவர்கள் வீட்டுக்குப் போனேன்.

2018இல் வாங்கிய கம்ப்யூட்டர் அது. ஏஎம்டி ரைசன் 5 1600 பிராசஸர், பி350 மதர்போர்டு, 8 ஜிபி ரேம் ஒரே துண்டு, என்விடியா ஜிடிஎக்ஸ் 1060 கிராபிக்ஸ் கார்டு, 1 டிபி ஹார்டு டிஸ்க். வாங்கிய காலத்தில் நல்ல கட்டமைப்பு. பையன் அதிகம் விளையாடுவது கவுன்டர் ஸ்ட்ரைக். 2023 செப்டம்பரில் அந்த விளையாட்டின் பழைய பதிப்பை எடுத்துவிட்டு, அதே இடத்தில் கவுன்டர் ஸ்ட்ரைக் 2 என்ற புதியதைக் கொடுத்தார்கள். பழையது சாதாரணக் கம்ப்யூட்டரிலும் ஓடும். புதியது பிராசஸரிடம் நிறைய வேலை வாங்கும். ஆக, அவன் கம்ப்யூட்டர் ஒரே இரவில் கெட்டுப்போகவில்லை. அதன் மேல் ஏற்றிய சுமைதான் கூடிவிட்டது. ஆனால் அது பாதிக் கதைதான் என்பது கேபினெட்டைத் திறந்த பிறகு தெரிந்தது.

முதலில் தூசி

பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினால் பிராசஸர் ஃபேனுக்கு அடியில் சாம்பல் நிறத்தில் பஞ்சு மெத்தை மாதிரி தூசி. ஆறு வருடமாக யாரும் திறக்கவில்லை. சித்திரை மாத வெயிலில், ஏசி இல்லாத அறையில் விளையாட்டைப் பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்தோம். பிராசஸர் 93 டிகிரியைத் தொட்டது. இந்த பிராசஸரின் வரம்பு 95 டிகிரி. அந்த வரம்பை நெருங்கும்போது பிராசஸர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். "முதல் பத்து நிமிஷம் நல்லா ஓடுது மாமா, அப்புறம் திணறுது" என்று அவன் சொன்னதற்குப் பொருள் இதுதான். உங்கள் வீட்டிலும் இதே குறையைச் சொன்னால் முதலில் சூட்டைச் சந்தேகப்படுங்கள்.

சுத்தம் செய்யும்போது மின் இணைப்பை முழுதாகக் கழற்றிவிட வேண்டும். ப்ளோயரால் ஊதும்போது ஃபேனின் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். காற்று வேகத்தில் கண்டபடி சுற்றினால் பேரிங் கெடும். கூலரைக் கழற்றிவிட்டால், பிராசஸர் மேல் காய்ந்து கிடக்கும் பழைய தெர்மல் பேஸ்டை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்துவிட்டு, புதிய பேஸ்டை ஒரு பட்டாணி அளவு வைத்தால் போதும்.

இந்த இடத்தில் என் தவறையும் சொல்லிவிடுகிறேன். கூலரின் திருகுகளைக் கழற்றி நேராக மேலே இழுத்தேன். பேஸ்ட் காய்ந்து ஒட்டியிருந்ததால் கூலரோடு சேர்ந்து பிராசஸரும் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. இந்த வகை பிராசஸரில் அடிப்பக்கம் முழுக்க மெல்லிய பின்கள். இரண்டு வளைந்துவிட்டன. என் மருமகன் முகத்தை நான் பார்க்கவே இல்லை. லெட் போடாத பென் பென்சிலின் முனைத் துளையை அந்தப் பின்னில் மாட்டி, மெல்ல மெல்ல நிமிர்த்தி, பிஸ்மி சொல்லித் திரும்பப் பொருத்தினேன். அல்ஹம்துலில்லாஹ், ஓடியது. சரியான முறை இதுதான்: கழற்றுவதற்கு முன் கம்ப்யூட்டரைப் பத்து நிமிடம் ஓட்டிப் பேஸ்டைச் சூடாக்கி, அணைத்து, கூலரை இடவலமாக லேசாகத் திருகி விடுவித்த பிறகே தூக்க வேண்டும். இன்டெல் பிராசஸர்களில் பின்கள் மதர்போர்டில் இருக்கின்றன, ஒரு சட்டமும் பிராசஸரை அழுத்திப் பிடித்திருக்கிறது. அதனால் அங்கே இந்த விபத்து நேராது.

தூசி போன பிறகு அதே அறையில், அதே விளையாட்டில் 71 டிகிரி. செலவு பேஸ்டுக்கு 350 ரூபாய்.

ரேமும் டிஸ்க்கும்

பத்து நிமிடத் திணறல் போய்விட்டது. ஆனாலும் அவ்வப்போது படம் ஒரு நொடி நின்று நின்று வந்தது. இதற்கு இரண்டு காரணங்கள்.

ஒன்று, ரேம். 8 ஜிபி போதாது என்பது ஒருபுறம். அதைவிடப் பெரிய குறை, அது ஒரே துண்டாக இருந்தது. ரேமுக்கும் பிராசஸருக்கும் இடையே இரண்டு பாதைகள் உண்டு. ஒரு துண்டு போட்டால் ஒரு பாதைதான் திறக்கும். 2400 வேக ரேமில் ஒரு பாதை நொடிக்கு 19.2 ஜிபி கடத்தும், இரண்டு துண்டு போட்டால் 38.4. கடைகளில் விலையைக் குறைத்துக் காட்ட ஒரே துண்டைப் போட்டு, "பிறகு இன்னொன்று போட்டுக்கொள்ளலாம்" என்பார்கள். அந்தப் 'பிறகு' பெரும்பாலும் வருவதில்லை. நான்கு இடங்கள் உள்ள போர்டில் பிராசஸர் பக்கத்திலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது இடங்களில் போடுவதுதான் வழக்கம். போர்டின் கையேட்டில் படம் இருக்கும்.

3200 வேகத்தில் இரண்டு 8 ஜிபி துண்டுகள் 3,600 ரூபாய்க்கு வாங்கினோம். இங்கே இன்னொரு சூட்சுமம். 3200 என்று எழுதியிருக்கும் ரேமைச் சொருகியவுடன் அது அந்த வேகத்தில் ஓடாது. பயாஸுக்குள் போய் எக்ஸ்எம்பி என்ற அமைப்பை இயக்க வேண்டும். ஏஎம்டி போர்டுகளில் அதற்கு வேறு பெயரும் இருக்கலாம். பணம் கொடுத்து வாங்கிய வேகத்தைப் பல வருடங்களாகத் தொடாமலேயே வைத்திருக்கும் வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். ரைசன் 1600 முதல் தலைமுறை என்பதால் 3200இல் நிலையாக நிற்கவில்லை, 2933இல் நின்றது. அதுவே போதும்.

மற்றொன்று, ஹார்டு டிஸ்க். விளையாட்டு புதிய காட்சியைக் கேட்கும்போது சுழலும் தட்டில் ஊசி தேடிப் போய் எடுத்துவர வேண்டும். 500 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி ஒன்றை 3,200 ரூபாய்க்கு வாங்கி, விண்டோஸையும் அந்த ஒரு விளையாட்டையும் அதில் ஏற்றினோம். பழைய டிஸ்க்கைக் குடும்பப் புகைப்படங்களுக்கு வைத்துக்கொண்டோம். எஸ்எஸ்டி போட்டதால் விளையாட்டின் எஃப்பிஎஸ் கூடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். நின்று நின்று வருவது குறையும், திறக்கும் நேரம் குறையும், அவ்வளவே. ஆனால் லாத்தா அதிகம் மகிழ்ந்தது இதில்தான். மின் கட்டணம் கட்டக் கம்ப்யூட்டரைத் திறந்தால் முன்பு டீ போட்டுவிட்டு வரலாமாம்.

ஆக 7,150 ரூபாய் ஆகியிருந்தது. முன்பு புகைக்குண்டு வெடித்தால், ஐந்து பேர் ஒரே இடத்தில் சுட்டால், எஃப்பிஎஸ் 45க்கு விழுந்துகொண்டிருந்தது. இப்போது 65க்குக் கீழே போகவில்லை. நான் அவனிடம் சொன்னேன்: "இத்தோட ஒரு மாசம் ஓட்டு. தங்கச்சி ஃபீஸ் கட்டி முடியட்டும். அதுக்கப்புறமும் குறை இருந்தா பேசுவோம்." அவனுக்கு அரை மனசுதான். ஆனால் தவணைப் பேச்சு அன்றோடு நின்றது.

குறை பிராசஸரிலா, கிராபிக்ஸ் கார்டிலா?

இந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் ஒரு ரூபாயும் செலவழிக்கக் கூடாது.

ஒரு கல்யாண விருந்தை நினைத்துக்கொள்ளுங்கள். அடுப்படியில் பண்டாரி நிற்கிறார். பக்கத்தில் ஒருவர் கறி வெட்டி, அரிசி அளந்து, சாமான் எடுத்துக் கொடுக்கிறார். எடுத்துக் கொடுப்பவர் பிராசஸர். சமைப்பவர் கிராபிக்ஸ் கார்டு. விளையாட்டில் யார் எங்கே நிற்கிறார், குண்டு எதில் பட்டது, இன்டர்நெட்டிலிருந்து என்ன செய்தி வந்தது என்று ஒவ்வொரு படத்துக்கும் கணக்குப் போட்டு, "இதை வரை" என்று எடுத்துக் கொடுப்பது பிராசஸர். வரைவது கிராபிக்ஸ் கார்டு. கறி வெட்டுபவர் தாமதித்தால் பண்டாரி அகப்பையோடு சும்மா நிற்பார். அப்போது ஊரிலேயே பெரிய பண்டாரியைக் கூட்டி வந்தாலும் பந்தி சீக்கிரம் நடக்காது.

சோதிப்பது எளிது, காசும் ஆகாது. எஃப்பிஎஸ் வரம்பு, வி-சிங்க் போன்றவற்றை முதலில் அணைத்துவிடுங்கள். விளையாட்டின் ரெசல்யூஷனை 1080இலிருந்து 720க்குக் குறையுங்கள். எஃப்பிஎஸ் நன்றாக ஏறினால் திணறியது கிராபிக்ஸ் கார்டு. ஏறாமல் அப்படியே நின்றால் பிராசஸர். விளையாட்டு ஓடும்போது கிராபிக்ஸ் கார்டின் பயன்பாடு 97, 99 என்று நின்றால் அது முழு வேலை செய்கிறது என்று பொருள். அந்த நிலையில் புதிய பிராசஸர் வாங்குவது வீண். எங்கள் சோதனையில் கார்டு 55, 60இல் சோம்பிக் கிடந்தது. ரெசல்யூஷனைக் குறைத்தும் எஃப்பிஎஸ் அசையவில்லை.

டாஸ்க் மேனேஜரில் பிராசஸர் 40 சதவீதம்தான் என்று காட்டுவதைப் பார்த்து ஏமாற வேண்டாம். அது எல்லா கோர்களுக்கும் சேர்த்த சராசரி. விளையாட்டின் முக்கிய வேலை ஒன்றிரண்டு கோர்களில் நடக்கும். அவை மூச்சு முட்டும்போதும் சராசரி குறைவாகவே தெரியும்.

மானிட்டரையும் பாருங்கள். 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் நொடிக்கு 60 படங்களுக்கு மேல் காட்டாது. விளையாட்டு எப்போதும் 60க்குக் குறையாமல் ஓடுகிறது, மானிட்டரும் 60தான் என்றால் நீங்கள் வாங்க வேண்டியது ஒன்றுமில்லை. என் மருமகனிடம் இருந்தது 144 ஹெர்ட்ஸ் மானிட்டர். நண்பனிடம் இரண்டாம் கையாக வாங்கியது. அதனால் அவன் கேட்டதில் நியாயம் இருந்தது.

அந்த போர்டிலேயே புதிய பிராசஸர்

ஆகஸ்டில் அவன் வந்தான். தங்கையின் சேர்க்கை முடிந்திருந்தது. விடுமுறையில் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் கல்யாண ஆல்பம் வேலை பார்த்து 12,000 சேர்த்திருந்தான். இனி அவன் பணம், அவன் விருப்பம்.

அவனுடைய அதிர்ஷ்டம், ஏஎம்4 என்ற சாக்கெட். 2016இல் வந்த இந்தச் சாக்கெட்டை ஏஎம்டி பல தலைமுறைகளுக்கு மாற்றவில்லை. பழைய 300 வரிசை போர்டுகளில் ரைசன் 5000 வேலை செய்யாது என்றுதான் முதலில் சொன்னார்கள். 2022இல் அதற்கும் வழி திறந்தார்கள். ஆகவே 2018 போர்டில் ரைசன் 5 5600 பொருந்தும். இரண்டிலும் ஆறு கோர்தான். ஆனால் பழையது உச்சத்தில் 3.6 கிகாஹெர்ட்ஸ், புதியது 4.4. ஒவ்வொரு துடிப்பிலும் செய்யும் வேலையும் அதிகம். உள்ளிருக்கும் எல்3 கேச் 16 எம்பியிலிருந்து 32 எம்பி. இரண்டும் 65 வாட் என்பதால் எஸ்எம்பிஎஸ்ஸும் கூலரும் மாற்ற வேண்டியதில்லை. விலை 11,000.

பெயரில் கவனம் தேவை. 5500, 5600ஜி, 5600 மூன்றும் கேட்க ஒன்றுபோல் இருக்கும். முதல் இரண்டிலும் கேச் 16 எம்பிதான். "எல்லாம் ஒண்ணுதான் பாய்" என்று யாராவது சொன்னால், ஒன்றல்ல.

வேலையின் வரிசை முக்கியம். போர்டு நிறுவனத்தின் தளத்தில் உங்கள் போர்டின் சரியான மாடல் பெயரைப் போட்டு, எந்தெந்த பிராசஸர் எந்த பயாஸில் ஓடும் என்ற பட்டியலைப் பாருங்கள். பழைய பிராசஸர் உள்ளே இருக்கும்போதே பயாஸைப் புதுப்பிக்க வேண்டும். சில போர்டுகளில் இடைப்பட்ட ஒரு பதிப்பை ஏற்றிய பிறகுதான் கடைசிப் பதிப்பு ஏறும். விளக்கத்தைப் படிக்காமல் தாவக் கூடாது. பயாஸ் ஏறும் அந்தச் சில நிமிடங்களில் கரண்ட் போனால் போர்டே கெட்டுப்போகலாம். எனவே யுபிஎஸ் இல்லாமல் தொட வேண்டாம். எங்களிடம் இல்லை. பக்கத்து வீட்டு மாமியிடம் இரண்டு மணி நேரத்துக்கு வாங்கி வந்தோம்.

இன்னொரு எச்சரிக்கை பலர் சொல்வதில்லை. ஏஎம்டியில் டிபிஎம் என்ற பாதுகாப்பு அமைப்பு பிராசஸரோடு சேர்ந்தது. பிராசஸரை மாற்றினால் அது புதிதாகிவிடும். பிட்லாக்கர் போட்டுப் பூட்டிய டிஸ்க் என்றால் மீட்புச் சாவி எண்ணைக் கேட்கும். முன்பே எழுதி வைக்காவிட்டால் உள்ளிருப்பது போனதுதான். விண்டோஸ் உரிமம் பெரும்பாலும் மதர்போர்டோடு கட்டப்பட்டது. பிராசஸர் மாற்றியதால் பொதுவாகப் போகாது.

பொருத்தி ஓட்டினோம். ரேம் இப்போது 3200இல் நின்றது. விளையாட்டில் எவ்வளவு கூட்டம் கூடினாலும் 100க்குக் கீழே வரவில்லை. மொத்தச் செலவு 18,150. பழைய ரைசன் 1600ஐ ஒரு கல்லூரி மாணவனுக்கு 2,500க்குக் கொடுத்தோம். பின் வளைந்து நிமிர்த்தியதைச் சொல்லித்தான் விற்றோம். ஓட்டிக் காட்டிய பிறகுதான் பணம் வாங்கினோம்.

கூடவே ஒரு லாபம் பிறகு தெரிந்தது. 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கு வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகள் நின்றுவிட்டன. விண்டோஸ் 11க்கான மைக்ரோசாஃப்டின் பட்டியலில் ரைசன் 1600 இல்லை, 5600 இருக்கிறது.

மாற்றக் கூடாத ஒரு கம்ப்யூட்டர்

இந்தக் கதையைக் கேட்டு எங்கள் தெருவில் இன்னொருவர் வந்தார். அவரிடம் இருப்பது இன்டெல் கோர் ஐ5 4460, 2014 காலத்தது, டிடிஆர்3 ரேம். "எனக்கும் பிராசஸர் மட்டும் மாத்திக் கொடுங்க" என்றார். மாட்டேன் என்றேன்.

இன்டெல் சில தலைமுறைகளுக்கு ஒருமுறை சாக்கெட்டை மாற்றிவிடும். அவர் போர்டில் ஏறக்கூடிய நல்ல பிராசஸர் ஐ7 4790. அதுவும் 2014 சரக்கு. இரண்டாம் கையாகத்தான் கிடைக்கும்; நான்கு கோர்தான். அதைப் போட்டாலும் விண்டோஸ் 11 பட்டியலில் வராது, ஏனென்றால் இன்டெலில் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் கணக்கு. அதற்கு மேல் போக வேண்டும் என்றால் பிராசஸர், போர்டு, ரேம் மூன்றையும் மாற்ற வேண்டும். அது மாற்றம் அல்ல, புதுக் கம்ப்யூட்டர். ஆறாம், ஏழாம் தலைமுறை வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: எட்டாம், ஒன்பதாம் தலைமுறைக்கும் உங்கள் சாக்கெட்டுக்கும் எண் ஒன்றே, 1151. ஆனாலும் உங்கள் போர்டில் அவை ஓடாது. எண்ணைப் பார்த்து வாங்கிவிட்டுத் தலையில் கை வைத்தவர்கள் உண்டு.

அவரிடம் சொன்னது: எஸ்எஸ்டி போடுங்கள், தூசி தட்டுங்கள், விளையாட்டில் நிழல், கூட்டம் ஆகிய அமைப்புகளைக் குறையுங்கள். அவை பிராசஸரை அதிகம் வாட்டுபவை. பத்து வருடத்துக்கு முந்தைய விளையாட்டுகள் அதில் இன்றும் நன்றாக ஓடும். விண்டோஸ் 10க்குக் கூடுதல் பாதுகாப்புத் திட்டம் 2026 அக்டோபர் வரைதான். அதன் பிறகு வங்கி வேலையை அந்தக் கம்ப்யூட்டரில் வைத்துக்கொள்ளாதீர்கள். மாதா மாதம் ஒரு தொகையைத் தனியாக எடுத்து வையுங்கள். 2025 கடைசியில் ரேம் விலை ஏறியதைப் பார்த்தோம். அவசரப்பட்டு வாங்குபவர்கள்தான் அதில் அதிகம் இழக்கிறார்கள்.

அவர் கேட்ட இன்னொரு கேள்வி, பழைய எஸ்எம்பிஎஸ்ஸைப் புதுக் கம்ப்யூட்டருக்கு வைத்துக்கொள்ளலாமா என்பது. பத்து வருடம் ஆனதை வேண்டாம். அது போகும்போது தனியாகப் போகாது. போர்டையும் கூட்டிக்கொண்டு போகலாம். இரண்டாம் கையில் வாங்குவதிலும் இதே கணக்குதான். சென்னை ரிச்சி தெரு மாதிரி இடங்களில் பழைய பிராசஸரைப் பின் பார்த்து, ஓட்டிப் பார்த்து, துணிந்து வாங்கலாம். அது எளிதில் கெடாத பொருள். போர்டும் எஸ்எம்பிஎஸ்ஸும் அப்படியல்ல.

என் மருமகன் போன மாதம் மீண்டும் போன் செய்தான். புதிதாக ஒரு விளையாட்டு போட்டிருக்கிறானாம், திணறுகிறதாம். கார்டு எத்தனை காட்டுகிறது என்றேன். "99 மாமா." ரெசல்யூஷனைக் குறைத்தால்? "நல்லா ஏறுது." அப்படியானால் இந்த முறை பண்டாரிக்குத்தான் கை வலிக்கிறது என்றேன். அடுத்த கல்யாண சீசன் வரை நிழலைக் குறைத்து வைத்து விளையாடுகிறேன் என்று அவனே சொல்லிவிட்டான்.